எட்டாயிரம் பார்ட், ஒரே பதிவேற்றம்: மாற்ற வரலாறு எங்கே போகிறது?

ஒரு பிஎல்எம் (பொருளின் வடிவமைப்புத் தரவை அதன் வாழ்நாள் முழுதும் நிர்வகிக்கும் மென்பொருள்) எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய தணிக்கையெல்லாம் வேண்டாம். அதில் பழைய பார்ட் ஒன்றை, அதாவது உதிரிப்பாகம் ஒன்றின் பதிவைத் திறந்து 'கடைசியாக மாற்றியவர்' என்ற கட்டத்தைப் பார்த்தாலே போதும். அங்கே 'அட்மின்' என்று இருக்கிறது, தேதி ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அடுத்த பார்ட்டிலும் அதற்கடுத்த பார்ட்டிலும் அதே பெயர், அதே இரவு என்றால், யாரோ எக்செல் தாளை வைத்துக்கொண்டு மொத்தமாக எதையோ மாற்றியிருக்கிறார்கள். எதை மாற்றினார்கள், முன்பு என்ன இருந்தது, யார் கேட்டு மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கட்டத்தில் விடை கிடைக்காது.

ஒற்றை மாற்றத்துக்கு எல்லா பிஎல்எம் மென்பொருளிலும் பாதை ஒழுங்காகப் போட்டிருக்கிறது. டிசைனர் பார்ட்டைத் தன் பெயரில் பூட்டுகிறார், திருத்துகிறார், இசிஎன் (வடிவமைப்பு மாற்ற அறிவிப்பு) போகிறது, ஒப்புதல் வருகிறது, ரிவிஷன் ஏறுகிறது. மொத்த மாற்றம் இந்தப் பாதையில் வருவதில்லை. ஸ்கிரிப்ட், பேட்ச் லோடர் (கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் கருவி), நேரடி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்கே தரும் கட்டளை) என்று ஏதோ ஒரு பின்வாசல் வழியாக நுழைகிறது. அதனால் அதன் வரலாறு தானாக எழுதப்படும் என்று நம்பக்கூடாது. வரலாற்றை எழுதும் பகுதியை முதலில் கட்டி, சோதித்து, அதன் பிறகே மாற்றத்தைச் செய்யும் பகுதியைத் தொட வேண்டும்.

எடுத்துக்காட்டாக ரோஸ் (RoHS) விதிகளை எடுத்துக்கொள்வோம். மின், மின்னணுப் பொருட்களில் சில நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அது. 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட 6 பொருட்கள் பட்டியலில் இருந்தன. 2015இல் வந்த 863ஆம் எண் ஆணை மேலும் 4 தாலேட்டுகளைச் சேர்த்தது. பெரும்பாலான பொருட்களுக்கு 2019 ஜூலை 22இலிருந்தும், மருத்துவச் சாதனங்களுக்கும் கண்காணிப்பு, கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் 2021 ஜூலை 22இலிருந்தும் இது பொருந்தியது. தாலேட்டுகள் பிவிசியை இளக்கமாக்கச் சேர்க்கப்படுபவை. வயர் உறை, கிராமெட், ஸ்லீவ், கேஸ்கெட் என்று இளகிய பிளாஸ்டிக் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் 'இணக்கம்' என்று குறித்திருந்த பார்ட்டுகளை 'மறுசரிபார்ப்பு தேவை' என்று மாற்ற வேண்டிவந்தது. ஒரு நடுத்தர நிறுவனத்திலேயே இது ஆயிரக்கணக்கில் போகும். கையால் முடியாது.

இங்கே வரலாறு ஏன் முக்கியம் என்றால், ரோஸ் சட்டப்படி உற்பத்தியாளர் தொழில்நுட்ப ஆவணங்களைப் பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018இல் விற்ற ஒரு பொருளைப் பற்றி 2027இல் கேள்வி வரலாம். அன்றைக்கு அந்தக் கேபிள் உறையின் நிலை என்னவாக இருந்தது, எந்த ஆதாரத்தில் அப்படிக் குறித்தீர்கள் என்று கேட்பார்கள். இப்போதைய மதிப்பு மட்டும் இருந்தால் பதில் சொல்ல முடியாது.

புது ஜெனரேஷனா, இருக்கும் இடத்திலேயே திருத்தமா?

மொத்த மாற்றத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. ஆராஸ் இன்னோவேட்டர் என்ற பிஎல்எம் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆராஸில் பார்ட் என்பது பதிப்பு ஏறும் வகை. தானியங்கிப் பதிப்பு முறையில் இருந்தால், ஒரு பார்ட்டைப் பூட்டி முதல்முறை சேமித்ததும் புது ஜெனரேஷன், அதாவது அந்தப் பார்ட்டின் புதிய பதிப்பு, உருவாகிறது. ஆராஸின் கட்டளை மொழியான ஏஎம்எல்லில் 'எடிட்' என்ற செயல் பூட்டுதல், திருத்துதல், விடுவித்தல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடும். வசதிதான். ஆனால் ஒவ்வொரு 'எடிட்'டும் ஒரு ஜெனரேஷன். ரோஸ் நிலைக்கு ஒரு தாள், எடைக்கு ஒரு தாள், பொருள் வகைக்கு ஒரு தாள் என்று மூன்று முறை ஏற்றினால் ஒரே பார்ட்டுக்கு மூன்று ஜெனரேஷன் கூடிவிடும். ஒரு பார்ட்டுக்கு வரவேண்டிய எல்லாப் பண்புகளையும் ஒரே வரியில் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்புவதுதான் சரி.

அடுத்து உறவு வரிசைகள். புது ஜெனரேஷன் பிறக்கும்போது பிஓஎம் (உதிரிப்பாகப் பட்டியல்) வரிகள், ஆவண இணைப்புகள், அங்கீகரித்த உற்பத்தியாளர் பட்டியல் எல்லாமே அதற்கும் நகலாகும். ஒரு பார்ட்டுக்குச் சராசரி 6 இணைப்பு என்றால் 8,000 பார்ட்டுக்கு 48,000 புது வரிகள். மாற்றியதோ ஒரே ஒரு பண்பு. அது மட்டுமல்ல, ஓர் அசெம்ப்ளியின் பிஓஎம் இணைப்பு 'ஃபிக்ஸ்ட்' வகையாக இருந்தால் அது பழைய ஜெனரேஷனையே பிடித்துக்கொண்டிருக்கும். பார்ட்டைத் திறந்தால் 'மறுசரிபார்ப்பு தேவை', அசெம்ப்ளி வழியாகப் பார்த்தால் 'இணக்கம்'. இப்படி இரண்டு உண்மை உலவினால் அறிக்கை எடுப்பவர் எதை நம்புவார்? 'ஃப்ளோட்' வகையில் இந்தச் சிக்கல் இல்லை, அது புதியதையே காட்டும்.

இதைத் தவிர்க்க ஏஎம்எல் கோரிக்கையில் 'வெர்ஷன்' என்ற பண்புக்கூறுக்கு 0 கொடுக்கலாம். ஜெனரேஷன் ஏறாமல் இருக்கும் இடத்திலேயே மதிப்பு மாறும். அப்படிச் செய்யும் அந்த நொடியில் பழைய மதிப்பு அழிகிறது. ஜெனரேஷன் ஏறினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இங்கே ஒப்பிட ஒன்றும் மிச்சமில்லை. வெர்ஷன் 0 போடுகிறவர் வரலாற்றைத் தன் கையால் எழுதும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

எதை எப்போது செய்வது? வடிவம், பொருத்தம், செயல்பாடு மூன்றில் ஒன்றையாவது தொடும் மாற்றத்தை மொத்தமாக இடத்திலேயே திருத்தக்கூடாது. அது இசிஎன் வழியாகத்தான் போக வேண்டும், 8,000 ஆனாலும். ரோஸ் நிலை, கொள்முதல் குறியீடு, விளக்கத்தில் எழுத்துப்பிழை போன்றவை பார்ட்டைப் பற்றிய தகவல்கள், பார்ட்டே மாறவில்லை. இவற்றை இடத்திலேயே திருத்தி, வரலாற்றைத் தனியாக எழுதலாம் என்பது என் கருத்து. இடையில் ஒரு சந்தேக மண்டலம் உண்டு: பொருள் வகை, எடை, சகிப்பு எல்லை (அளவில் அனுமதிக்கும் விலகல்). 'முன்பு தவறாகப் பதிந்திருந்தது, இப்போது சரிசெய்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு வடிவமைப்பு மாற்றமே இந்த வழியில் நுழைந்துவிடும். எந்தப் பண்புகளை இடத்தில் திருத்தலாம் என்று ஒரு பட்டியல் எழுதி, டிசைன் தலைமையின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றும் நிரல் அந்தப் பட்டியலில் இல்லாத பண்பு வந்தால் மறுக்க வேண்டும்.

மென்பொருள் தரும் வரலாறு எவ்வளவு தூரம் வரும்?

ஆராஸில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஹிஸ்டரி டெம்ப்ளேட் இணைக்கலாம். சேர்த்தல், திருத்தல், நிலை உயர்த்தல் போன்ற எந்தச் செயல்களைப் பதிய வேண்டும் என்று அதில் சொல்லலாம். யார், எப்போது, எந்த ரிவிஷனில், எந்த நிலையில் என்ற விவரம் கிடைக்கும். டெம்ப்ளேட் இணைக்காத வகைக்கு இதுகூடக் கிடையாது. நிறுவனம் தானாக உருவாக்கிக்கொண்ட வகைகளில் இந்த விடுபடல் சர்வ சாதாரணம். பண்பு அளவில் மாற்றத்தைப் பின்தொடரும் தேர்வும் உண்டு. எல்லாப் பண்புக்கும் அதை இயக்கினால் வரலாற்றுப் பட்டியல் குப்பையாகும். யாரும் படிக்க மாட்டார்கள். ரோஸ் நிலை, விலக்கு எண், ஆதாரக் குறிப்பு என்று ஐந்தாறு பண்புகளில் இயக்கினால் போதும்.

டீம்சென்டர் என்ற இன்னொரு பிஎல்எம்மில் இதே வேலையை ஆடிட் மேனேஜர் செய்கிறது. எந்த வகை, எந்த நிகழ்வு, எந்தப் பண்பு என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தால் பழைய மதிப்பையும் சேர்த்துப் பதியும். அங்கே கவனிக்க வேண்டியது பைபாஸ். மொத்த ஏற்றத்துக்கான கருவிகள் அதை இயக்கிக்கொண்டு அனுமதி விதிகளைத் தாண்டிச் செல்ல முடியும். கடைசியாக மாற்றிய தேதியைத் தொடாமலே மாற்றும் வழியும் நிரல் எழுதுபவர்களுக்கு இருக்கிறது. தரவு இடம்பெயர்ப்புக்கு அது தேவை. அன்றாட மொத்த மாற்றத்துக்கு அதைப் பயன்படுத்துவது சுவடு அழிக்கும் வேலை.

நேரடி எஸ்க்யூஎல் பற்றி: 8,000 வரியை ஒரே வாக்கியத்தில் சில நொடிகளில் மாற்றிவிடலாம் என்பது உண்மை. ஆனால் அது பயன்பாட்டு சர்வரின் பக்கமே போவதில்லை. அனுமதி சோதனை இல்லை, ஒரு செயல் நடக்கும்போது தானாக ஓட வேண்டிய நிகழ்வு நிரல்கள் ஓடாது, ஹிஸ்டரி இல்லை, மாற்றியவர் பெயரும் தேதியும்கூட நீங்களே எழுதினால்தான் மாறும். ஆராஸில் பார்ட் அட்டவணையில் எல்லா ஜெனரேஷனும் ஒன்றாகக் கிடக்கும். 'நடப்பு ஜெனரேஷன் மட்டும்' என்ற நிபந்தனையை மறந்தால் பத்தாண்டு பழைய ஜெனரேஷன்களின் மதிப்பும் சேர்ந்து மாறும். அதாவது இருந்த வரலாறும் போய்விடும். பார்ட் எண்ணையே எஸ்க்யூஎல்லில் திருத்தினால், தேடலுக்காகத் தனியாகச் சேமித்து வைக்கப்படும் அழைப்புப் பெயர் பழையதாகவே நிற்கும். திரையில் ஓர் எண், இணைப்பில் வேறோர் எண்.

நிகழ்வுகளை நிறுத்தி ஏற்றுவதற்கும் ஏஎம்எல்லில் வழி இருக்கிறது. 'சர்வர் ஈவென்ட்ஸ்' என்பதற்கு 0 கொடுத்தால் வேகம் கூடும். அப்போது நிற்பவை திருத்தல் நிகழ்வுகள் மட்டுமே. 'எடிட்' பயன்படுத்தினால் பூட்டும் நிகழ்வுகள் ஓடலாம். நீங்களே எழுதிய வரலாற்று நிரல் திருத்தலுக்குப் பின் ஓடும் நிகழ்வாக இருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். இஆர்பிக்கு (கொள்முதல், இருப்பு, கணக்கைக் கவனிக்கும் மென்பொருள்) தகவல் அனுப்பும் நிரலும் அப்படியே. நிறுத்தாவிட்டால் ஒரே இரவில் 8,000 செய்திகள் இஆர்பி வரிசையில் போய்க் குவியும். நிறுத்துவதென்றால், மாறிய பார்ட்டுகளின் பட்டியலை இஆர்பி குழுவுக்குத் தனியாகக் கொடுப்பதை வேலைத் திட்டத்திலேயே ஒரு படியாக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு அட்டவணை

மொத்த மாற்றத்தின் வரலாற்றுக்கு இரண்டு அடுக்கு வேண்டும். மேலே ஒரு ஜாப் (ஒரு மொத்த ஏற்றம்), கீழே அதன் வரிகள்.

ஜாப் பதிவில் இருக்க வேண்டியவை: ஜாப் எண், கேட்டவர், ஒப்புதல் தந்தவர், ஓட்டியவர் (மூவரும் வேறு வேறு ஆட்கள்), இசிஎன் அல்லது கோரிக்கை எண், காரணம், மூலக் கோப்பின் பெயர், அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ-256 கைரேகை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு), நிரலின் பதிப்பு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசியாக எண்ணிக்கைகள். கோப்பையே ஜாப் பதிவோடு இணைத்து வைத்தால் இன்னும் நல்லது. கைரேகை எதற்கென்றால், 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று மூன்று எக்செல் சுற்றும் இடத்தில் எது ஏறியது என்று பிறகு நிரூபிக்க வேறு வழியில்லை.

காரணத்தை ஒரு வாக்கியமாகவாவது கட்டாயப்படுத்துங்கள். மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க விதியான 21 சிஎஃப்ஆர் பகுதி 11, 1997இலிருந்து, கணினியே தேதி நேரத்தோடு எழுதும் தணிக்கைச் சுவட்டைக் கேட்கிறது. மாற்றம் முந்தைய தகவலை மறைக்கக்கூடாது என்கிறது. காரணத்தை அது கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து உற்பத்தி வழிகாட்டியின் 11ஆம் இணைப்போ, 2011 வடிவத்தில், மாற்றத்துக்கும் நீக்கத்துக்கும் காரணம் எழுதப்பட வேண்டும் என்கிறது. மருந்து செய்பவர்களில் இரண்டு பக்கமும் விற்பவர்கள் உண்டு. கடினமானதை ஒட்டி அமைத்துக்கொண்டால் இரண்டு முறை கட்ட வேண்டாம்.

வரிப் பதிவில்: ஜாப் எண், பார்ட்டின் உள் அடையாளம், எல்லா ஜெனரேஷனுக்கும் பொதுவான அடையாளம், அன்றைய பார்ட் எண், ரிவிஷன், நிலை, பண்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, முடிவு, பிழைச் செய்தி. இரண்டு அடையாளமும் வேண்டும். ஒன்று எந்த ஜெனரேஷன் தொடப்பட்டது என்று சொல்லும், மற்றது பார்ட்டின் முழு வாழ்க்கையோடு சேர்க்கும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பண்பாக இருந்தால் உள்ளே இருக்கும் குறியீட்டோடு திரையில் தெரியும் சொல்லையும் சேமியுங்கள். ஐந்து வருடத்தில் யாராவது பட்டியலின் சொல்லை மாற்றுவார்கள்; குறியீடு 3 என்றால் அன்றைக்கு என்ன பொருள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஜாப் 214. பார்ட் 0047-1180, பிவிசி ஸ்லீவ், ரிவிஷன் சி, வெளியிடப்பட்டது. பண்பு: ரோஸ் நிலை. பழையது: 1, 'இணக்கம்'. புதியது: 3, 'மறுசரிபார்ப்பு தேவை'. முடிவு: மாறியது. இதைப் படிக்க மென்பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தணிக்கையாளருக்கு அப்படியே அச்சடித்துக் கொடுக்கலாம். பார்ட் திரையின் ஹிஸ்டரி தாவலில் இந்த ஒரு வரியும் ஜாப் 214க்கு ஓர் இணைப்பும் தெரிந்தால் போதும்.

எண்ணிக்கைகள் கூட்டிப் பார்த்தால் பொருந்த வேண்டும். கோப்பில் 8,140 வரி என்றால்: மாறியது 7,322, ஏற்கெனவே அதே மதிப்பு 611, வேறொருவர் பூட்டியிருந்தது 148, எண் கிடைக்கவில்லை 37, இடையில் வேறொருவர் மாற்றியது 22. கூட்டினால் 8,140. ஒன்று குறைந்தாலும் ஜாப்பை முடிந்ததாகக் குறிக்கக்கூடாது. அந்த 611 வரிகளுக்குத் திருத்தக் கோரிக்கையே அனுப்ப வேண்டாம். மாறாத ஒன்றைச் சேமித்தால் தேதி மட்டும் மாறி, மாற்றம் நடந்ததுபோல ஒரு பொய்ச் சுவடு விழும்.

அந்த 22 எங்கிருந்து வருகிறது? திங்கட்கிழமை எக்செல்லுக்கு எடுத்து, ஆட்கள் நிரப்பி, வியாழக்கிழமை ஏற்றுகிறார்கள். புதன்கிழமை ஒருவர் சப்ளையரின் புதிய சான்றிதழைப் பார்த்து ஒரு பார்ட்டைத் திரையில் சரிசெய்திருப்பார். மொத்த ஏற்றம் அதை மிதித்துப் போட்டுவிடும். அதனால் தாளில் பழைய மதிப்புக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். ஏற்றும்போது இப்போதைய மதிப்பு அந்தப் பழைய மதிப்போடு ஒத்துப்போனால்தான் மாற்றம்; இல்லையென்றால் 'மோதல்' என்று பதிந்துவிட்டு நகர வேண்டும்.

'மாறியதா' என்று கேட்பதில் இருக்கும் வில்லங்கம்

பழையதும் புதியதும் ஒன்றா என்று பார்ப்பது எளிய வேலை மாதிரி தெரியும். ஆராஸுக்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. விளக்கங்களில் ஆங்கில எழுத்தின் பெரிய, சிறிய வடிவம் தாறுமாறாக இருக்கிறது, அதை ஒழுங்குபடுத்துவதற்காகவே ஒரு மொத்த மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பழையதும் புதியதும் வேறா' என்ற கேள்விக்கு டேட்டாபேஸ் எல்லா வரியிலும் 'இல்லை' என்றே சொல்லும். வரலாறு காலி. சொல்லின் முடிவில் இருக்கும் வெற்றிடத்தையும் சமக்குறி ஒப்பீடு கண்டுகொள்ளாது. வெற்றிடம் நீக்கும் ஜாப்பும் இதே கதிதான். இதற்குப் பைனரி கொலேஷனில் ஒப்பிட வேண்டும், நீளத்தை பைட் கணக்கில் பார்க்க வேண்டும்.

நல் (null, எதுவும் பதியாத காலிநிலை) மதிப்பு இன்னொன்று. பழையது நல், புதியது 'இணக்கம்' என்றால் சாதாரண 'சமமில்லை' ஒப்பீடு ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்த வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். முதல்முறையாக மதிப்பு நிரப்பும் ஜாப்களில் வரலாறு எழுதப்படாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். எஸ்க்யூஎல் சர்வர் 2022இல் நல்லையும் சேர்த்து வேறுபாடு பார்க்கும் ஒப்பீடு வந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இரண்டு நிபந்தனை சேர்த்து எழுத வேண்டும். எக்செல்லில் காலிக் கட்டம் என்றால் 'அழித்துவிடு' என்று பொருளா, 'தொடாதே' என்று பொருளா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 'தொடாதே' என்பதே இயல்பாக இருக்கட்டும். அழிக்க வேண்டுமென்றால் அதற்கென ஒரு குறிச்சொல்லைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

எக்செல் தன் பங்குக்கு முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்னும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கும், எண்ணுக்கு நடுவில் ஆங்கில இ எழுத்து இருக்கும் பார்ட் எண்ணை அடுக்குக்குறி எண்ணாக மாற்றும், மாதப் பெயர்போல் இருந்தால் தேதியாக்கும். பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டுத்தான் தரவை ஒட்ட வேண்டும். ஒட்டியபின் டெக்ஸ்ட் ஆக்கினால் போன பூஜ்யம் திரும்பாது.

யார் பெயரில்?

அட்மின் கணக்கில் ஓட்டுவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் அனுமதி: வெளியிடப்பட்ட பார்ட்டைச் சாதாரணப் பயனர் தொட முடியாது. ஆராஸில் இதற்குச் சரியான வழி, சர்வர் நிரலுக்குள் அந்த வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் உயர்ந்த அடையாளத்தை வழங்கிவிட்டு, முடிந்ததும் திரும்பப் பெறுவது. அனுமதி உயரும், ஆனால் உள்நுழைந்திருக்கும் ஆள் மாற மாட்டார். மாற்றியவர் பெயராக அவரே நிற்பார். திரும்பப் பெறும் பகுதி பிழை வந்தாலும் ஓடும் இடத்தில் இருக்க வேண்டும். அதை மறந்து எழுதிய நிரல்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

இரவில் தானாக ஓடும் ஜாப் என்றால் சேவைக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மொத்த மாற்றத்துக்கென்றே தனிக் கணக்கு. அட்மினும் வேண்டாம், இஆர்பி இணைப்புக்கான கணக்கும் வேண்டாம். உண்மையான ஆளின் பெயர் ஜாப் பதிவில் இருக்கட்டும்.

டேட்டாபேஸ் அடுக்கில் பிடிக்கலாமே?

டிரிகர் (அட்டவணை மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் நிரல்) போட்டுவிட்டால் எந்த வாசல் வழியாக வந்தாலும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். எஸ்க்யூஎல் சர்வரில் டிரிகர் வாக்கியத்துக்கு ஒருமுறைதான் ஓடும், வரிக்கு ஒருமுறை இல்லை. மாறிய வரிகளிலிருந்து மதிப்பை ஒரு மாறியில் எடுத்து எழுதும் டிரிகர், திரையில் ஒவ்வொன்றாக மாற்றும்போது சரியாக வேலை செய்யும். மொத்தமாக 8,000 மாறும் நாளில் வரலாற்றில் ஒரே ஒரு வரி விழும். சோதனையில் ஒருபோதும் பிடிபடாத பிழை இது. தவிர, டிரிகருக்குத் தெரிவது பயன்பாட்டு சர்வரின் டேட்டாபேஸ் பெயர்தான், ஆள் யாரென்று தெரியாது. 2016 பதிப்பிலிருந்து வரும் செஷன் கான்டெக்ஸ்ட் (டேட்டாபேஸ் இணைப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) வழியாக ஆளின் பெயரை அனுப்பலாம், ஆனால் பயன்பாடு அதை அனுப்பினால்தானே.

அதே 2016இல் வந்த டெம்போரல் அட்டவணை பழைய வரிகளைத் தானே சேமிக்கும். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். இந்திய நேரம் அதிகாலை 5:30க்கு முன் நடந்த மாற்றம் முந்தைய நாள் தேதியில் தெரியும், அறிக்கையில் மாற்றிக்காட்ட வேண்டும். மதிப்பு மாறாமல் சேமித்தாலும் ஒரு பழைய வரி சேரும். ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும் அல்லது முழுதும் பின்வாங்கும் மாற்றத் தொகுதி) இரண்டு முறை மாறினால் இடையில் இருந்த மதிப்பு பூஜ்ய கால அளவோடு பதிவாகி, சாதாரண காலவழித் தேடலில் தெரியாது. சிடிசி என்ற மாற்றப் பதிவு வசதி இயல்பு நிலையில் 3 நாள்தான் தரவை வைத்திருக்கும், ஆள் பெயரையும் பதியாது. இவையெல்லாம் பாதுகாப்பு வலையாக இருக்கலாம், வரலாறாக முடியாது: என்ன மாறியது என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. மென்பொருள் நிறுவனம் பதிப்பு உயர்த்தும்போது அவர்களுடைய அட்டவணையில் நீங்கள் மாட்டிய டிரிகரும் டெம்போரலும் அவர்களுக்குத் தொல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

துண்டு துண்டாக

8,000 வரியை ஒரே டிரான்சாக்ஷனில் போட வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வாக்கியம் ஓர் அட்டவணையில் சுமார் 5,000 பூட்டுகளைத் தாண்டும்போது முழு அட்டவணையையே பூட்டப் பார்க்கும். எல்லோருடைய திரையும் உறையும். 200 முதல் 500 வரி வரை ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வது வசதி.

ஒவ்வொரு துண்டிலும் வரிசை இது: முதலில் வரலாற்று வரிகளை 'திட்டமிட்டது' என்று எழுதுங்கள், தனி டிரான்சாக்ஷனாக. பிறகு மாற்றமும், அதே வரிகளை 'மாறியது' என்று குறிப்பதும் ஒரே டிரான்சாக்ஷனில். மாற்றம் தோற்றால் இரண்டும் சேர்ந்தே பின்வாங்கும். நடக்காத மாற்றத்துக்கு வரலாறு நிற்காது. பிழைச் செய்தியை மட்டும் அந்த டிரான்சாக்ஷனுக்கு வெளியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் பின்வாங்கி, ஏன் தோற்றது என்பதே தெரியாமல் போகும். நடுவில் சர்வர் விழுந்தால், 'திட்டமிட்டது' என்று தங்கிய வரிகளிலிருந்து மறுபடி தொடங்கலாம். ஆராஸ் பேட்ச் லோடரில் இந்த ஒழுங்கு கிடையாது. வரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பி லாக் கோப்பில் எழுதுவது அதன் பாணி. அதைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் அந்த லாக்கையும் ஜாப் பதிவில் இணையுங்கள், ஏற்றும் முன் பழைய மதிப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

திரும்பப் பெறுவதும் ஒரு ஜாப்தான். ஜாப் 214 தவறு என்று தெரிந்தால் அதன் வரிகளை அழிக்காதீர்கள். ஜாப் 215 என்று புதிதாகத் திறந்து, '214ஐத் திருப்புகிறது' என்று இணைப்புக் கொடுத்து, பழைய மதிப்புகளைப் புதிய மதிப்பாகப் போடுங்கள். இப்போதைய மதிப்பு 214 எழுதிய மதிப்பாகவே இருக்கும் பார்ட்டுகளை மட்டும் திருப்ப வேண்டும். இதற்கிடையே யாராவது கையால் சரிசெய்திருந்தால் அது மோதல் பட்டியலுக்குப் போகட்டும்.

நிஜ ஏற்றத்துக்கு முன் சோதனைச் சூழலில் 12 வரி கொண்ட ஒரு தாளை ஓட்டுங்கள். சாதாரண மாற்றம் இரண்டு. ஏற்கெனவே அதே மதிப்பு உள்ளது ஒன்று. வெளியிடப்பட்ட பார்ட் ஒன்று. வேறொருவர் பூட்டியது ஒன்று. இல்லாத எண் ஒன்று. ஒரே எண் இருமுறை வருவதற்கு இரண்டு வரி. நல்லிலிருந்து மதிப்புக்கு ஒன்று. எழுத்தின் பெரிய, சிறிய வடிவம் மட்டும் மாறுவது ஒன்று. முன்னால் பூஜ்யம் உள்ள எண் ஒன்று. தாளை எடுத்தபின் திரையில் கையால் மாற்றிய பார்ட் ஒன்று. எந்த வரி எந்த முடிவில் விழ வேண்டும் என்று முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும், ஒரே எண் இருமுறை வந்த இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள். இரண்டாவது வரியின் 'பழைய மதிப்பு' முதல் வரி எழுதிய மதிப்பாக இருந்தால், நிரல் அந்தத் தாளை ஏற்றிருக்கவே கூடாது.